கண்ணில் வைக்கும் மெல்லிய லென்ஸ்: அதைப் பேணும் விதம்



தேவிகாபுரத்தை உங்களில் பலர் பட்டுச் சேலையின் மூலமாக அறிந்திருப்பீர்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குத் தெற்கே உள்ள ஊர். பெரியநாயகி அம்மன் கோயிலின் கோபுரம் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். தெருவுக்குள் நுழைந்தால் தறிச் சத்தம் காதுக்குக் கேட்கும். அந்த ஊரிலிருந்து எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்களில் நெசவுக் குடும்பத்தார் அநேகர். முதுகுவலி, முழங்கால்வலி, கண்வலி ஆகிய மூன்றுமே அவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மழைக்கால மாலையில், அவ்வூர் நெசவாளர் ஒருவருடைய மகள் ஒரு கண்ணைத் துணியால் பொத்திக்கொண்டு வந்து சேர்ந்தாள். வயது இருபதைத் தாண்டியிருக்கும். சிறு வயதிலிருந்தே கிட்டப்பார்வை அதிகம். பள்ளியில் ‘சோடாபுட்டி’ என்று கேலி செய்யும் அளவுக்குக் கனமான கண்ணாடி. தறியில் குனிந்தால் வியர்வையில் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவிப் பாவின்மேல் விழும். ஆகவே காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டாள். வேலையும் சுலபமாயிற்று, மனதும் இலேசாயிற்று. நாங்கள் அதை வீண் ஆடம்பரம் என்று நினைக்கவில்லை, நீங்களும் நினைக்கமாட்டீர்கள்.

அன்று நடந்தது இதுதான். லென்ஸைக் கழற்றும்போது நகம் பட்டு அதன் ஓரம் சிறிது கிழிந்துவிட்டது. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தூக்கி எறிய மனம் வரவில்லை. கழுவும் கரைசலும் தீர்ந்துபோயிருந்ததால், குடத்துத் தண்ணீரில் அலசிப் போட்டுக்கொண்டாள். மூன்றாம் நாள் கண் சிவந்தது. கடையில் கேட்டு வாங்கிய சொட்டு மருந்தை விட்டாள். முதல் நாள் சற்றுத் தேவலை, பிறகு வலி இரட்டிப்பானது. மருத்துவர் கருவிழியிலிருந்து சிறிது சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபோது, பூஞ்சையின் இழைகள் தெரிந்தன.

மணிக்கொரு முறை மருந்து விட்டு, பல வாரம் கழித்துப் புண் ஆறியது. ஆனால் அந்த இடத்தில் வெள்ளைத் தழும்பு தங்கிவிட்டது. அவளுடைய கட்டிலருகே உட்கார்ந்து நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் சொன்ன வார்த்தையை மறக்க முடியவில்லை. “அய்யா, தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டு ஓட்டிடுவோம். இதுல அப்படி ஓட்டக்கூடாதுன்னு யாருமே சொல்லலியே.”

உண்மைதான். லென்ஸ் விற்றவர்கள் சொல்லவில்லை. அதற்கு முன் வேறு காரியத்துக்காக இரண்டு முறை எங்களிடம் வந்திருக்கிறாள். நாங்களும் கேட்கவில்லை, சொல்லவில்லை. ஆகவே இந்த இதழில் சொல்லுகிறோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிலும் லென்ஸ் அணிகிறவர்கள் இருக்கலாம். எங்கள் கண் மருத்துவர்களிடம் கேட்டு அறிந்ததையே இங்கே எழுதுகிறோம்.

இந்த லென்ஸ் எதனால் ஆனது?

முதன்முதலில் வந்த காண்டாக்ட் லென்ஸ்கள் கண்ணாடியாலும், பின்னர் கெட்டிப் பிளாஸ்டிக்காலும் செய்யப்பட்டவை. மெல்லிய லென்ஸைக் கண்டுபிடித்தவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. அவரும் அவருடன் வேலைசெய்த திராஹோஸ்லாவ் லீம் என்பவரும், தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் ஒருவகைப் பிளாஸ்டிக்கை உண்டாக்கினார்கள். அதைக் கண்ணுக்கு ஏற்ற வடிவில் வார்ப்பதுதான் கடினமாக இருந்தது. 1961-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாட்களில், விக்டர்லே தம் வீட்டு மேசைமேல், பிள்ளைகளின் இரும்பு விளையாட்டுச் சாமான்களையும் ஒரு சைக்கிள் டைனமோவையும் இணைத்து, சுழலும் சிறு அச்சு ஒன்றைச் செய்தார். தார் சுற்றும் ராட்டையைப் போல அது சுழல, அதில் விட்ட துளித் திரவம் ஓரத்துக்கு ஏறி, கிண்ண வடிவில் உறைந்தது. நல்ல மெல்லிய லென்ஸ் முதன்முதலில் கிடைத்தது அப்படித்தான். 1971-இல் அமெரிக்க அரசு அனுமதி அளித்தபின் உலகமெங்கும் பரவியது.

அமெரிக்காவில் அப்போது விற்பனைக்கு வந்த லென்ஸின் எடையில் சுமார் 38 சதவீதம் தண்ணீரே. இன்றுள்ள சிலவற்றில் பாதிக்கு மேலும் உண்டு. குறுக்களவு சுமார் 14 மில்லிமீட்டர். கிட்டப்பார்வைக்கான லென்ஸின் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான கனம். ஈரம் இருக்கும்வரை அது வளையும். ஈரம் போனால் சுருங்கி, அப்பளம்போல் நொறுங்கும். காற்று காய்ந்த நாளில் பட்டிழை அடிக்கடி அறுபடுவதை நெசவாளர் அறிவார்கள். அதைவிட இது இன்னும் நொய்யது. காய்ந்துபோன லென்ஸைக் கரைசலில் ஊறவைத்தால் பழைய உருவம் திரும்புவதுபோல் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் அதில் இருக்கலாம். அதை மறுபடி அணியலாகாது.

ஏன் இத்தனை எச்சரிக்கை?

நம் கருவிழியின் முன்பக்கம் கண்ணாடிபோல் தெளிந்திருக்க வேண்டும். அதனால் அதில் இரத்தக்குழாய் இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவைப் பெரும்பாலும் வெளிக்காற்றிலிருந்து, கண்ணீரின் வழியாக அது பெறுகிறது. லென்ஸ் போட்டால் அந்த வழியில் ஒரு திரை விழுகிறது. 1999-ஆம் ஆண்டு முதல் வந்த சிலிக்கோன் கலந்த லென்ஸ்கள் காற்றை அதிகமாக விடுகின்றன. ஆனாலும் இமையை மூடி உறங்கும்போது வெளிக்காற்று கிடைக்காது. ஆகவே மருத்துவர் குறிப்பாகச் சொல்லாதவரை லென்ஸோடு உறங்கலாகாது. மதியம் சற்றுக் கண்ணயர்வதும் உறக்கமே. உறக்கத்தில் லென்ஸ் அணிவது கருவிழிப் புண்ணின் ஆபத்தைப் பல மடங்கு கூட்டுகிறது.

கருவிழியின் மேல்தோல் முழுமையாக இருக்கும்வரை கிருமிகள் எளிதில் உள்ளே நுழைய முடியாது. ஓரம் கிழிந்த லென்ஸ் ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் அந்தத் தோலைக் கீறுகிறது. அந்தக் கீறல்தான் வாசல். நம் நாட்டில் அந்த வாசலுக்கு வெளியே காத்திருப்பவை அநேகம். மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டைப்பற்றிச் செய்த ஆய்வில், ஒரு இலட்சம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாவதாகக் கண்டார்கள். அமெரிக்காவில் ஒரு பகுதியில் கண்ட கணக்கைப்போல் இது சுமார் பத்து மடங்கு. 1994-இன் முதல் மூன்று மாதங்களில் மதுரையில் பரிசோதித்த 434 நோயாளிகளில், கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பூஞ்சையே காரணம். அவர்கள் பெரும்பாலும் லென்ஸ் அணிந்தவர்கள் அல்லர். வேலையில் கண்ணில் அடிபட்டவர்களே அதிகம். ஆனால் நம் மண்ணிலும் தூசியிலும் பூஞ்சை எவ்வளவு உண்டு என்பதை இது காட்டுகிறது. குளிர்நாட்டில் ஒருவர் செய்து தப்பித்துக்கொள்ளும் கவனக்குறைவு, நம் ஊரில் தப்பவிடாது.

கையிலிருந்து தொடங்குங்கள்

லென்ஸைத் தொடுமுன் சோப்பினால் கை கழுவ வேண்டும். வாசனை எண்ணெய், கிரீம் கலந்த சோப்பு வேண்டாம். அந்தப் பிசுக்கு லென்ஸில் ஒட்டி மங்கலாக்கும். பின்பு நூல் உதிராத சுத்தமான துணியில் கையை நன்றாகத் துடைக்க வேண்டும். ஈரக்கையில் இரண்டு தொல்லை உண்டு: லென்ஸ் விரலைவிட்டுக் கண்ணுக்குப் போகாது, கையிலுள்ள குழாய்த் தண்ணீரும் லென்ஸில் சேரும். மிளகாய் நறுக்கிய கையை ஒருமுறை கழுவினால் போதாது. சமையலுக்கு முன்பே லென்ஸ் போட்டுக்கொள்வதும், கழற்றும் வேலை பாக்கியிருந்தால் மிளகாயை வேறொருவர் கையில் விடுவதும் நல்லது.

நகங்களை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். லென்ஸ் கிழிவதற்கு முதல் காரணம் நகமே. பழைய பாவின் இழையோடு புதிய பாவின் இழையை முறுக்கிச் சேர்க்கும் பெண்களைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான இழைகளையும் விரல் நுனியின் சதையாலேயே தொடுவார்கள். நகத்தைப் பட விடமாட்டார்கள். லென்ஸையும் அப்படியே தொட வேண்டும்.

போடுவதும் கழற்றுவதும்

டப்பாவின் அடியிலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் லென்ஸைச் சுரண்டி எடுக்கலாகாது. டப்பாவைச் சற்று அசைத்து, அது மிதந்து வந்தபின் விரல் நுனியால் எடுக்க வேண்டும். கீழே சுத்தமான துண்டு விரித்து, மேசை முன் உட்கார்ந்து செய்வது நலம். குழாயடியில் நின்று செய்தால் விழுந்த லென்ஸ் சாக்கடைக்கே போகும்.

விரல்மேல் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரம் நேராக நின்று கிண்ணம்போல் இருந்தால் சரியான பக்கம். ஓரம் வெளியே விரிந்து தாம்பாளம்போல் இருந்தால் உட்புறம் வெளியே திரும்பியிருக்கிறது. அப்போதே ஓரம் முழுவதையும் சுற்றிப் பார்த்துவிடுங்கள். சிறு வெடிப்போ கிழிசலோ இருந்தால் அந்த லென்ஸின் வேலை முடிந்தது. மாதக் கணக்கு அதற்குப் பொருந்தாது. எப்போதும் வலது கண்ணையே முதலில் செய்யும் வழக்கம் வைத்துக்கொண்டால் இடம் வலம் மாறாது.

கழற்றும்போது மேலே பார்த்து, லென்ஸை விரலால் கண்ணின் வெள்ளைப் பகுதிக்குக் கீழே இழுத்து, இரண்டு விரல் நுனிகளின் சதையால் மெதுவாகக் கூட்டி எடுக்க வேண்டும். கருவிழியின் மேலேயே வைத்துக் கிள்ளக்கூடாது. லென்ஸ் கண்ணில் ஒட்டிக்கொண்டால் பலவந்தம் செய்யாமல், லென்ஸோடு விடக்கூடிய ஈரச் சொட்டு மருந்து சில துளிகள் விட்டு, சில நிமிடம் இமைத்துக் காத்திருங்கள். அது தானாக நகரும். மடிந்து ஒட்டிக்கொண்ட லென்ஸையும் பிரித்து இழுக்காமல் கரைசலில் ஊறவிடுங்கள். டப்பாவை மூடும்போது லென்ஸ் முழுவதும் கரைசலுக்குள் அமிழ்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியின் திருகில் ஓரம் அகப்பட்டுக் கிழிந்த லென்ஸ்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

கழுவுவது எப்படி?

கச்சாப் பட்டின்மேல் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. அது ஒருவகைப் புரதம். சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சி அதை நீக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும். லென்ஸின்மேலும் நம் கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் நாள்தோறும் படிகின்றன. அந்தப் படிவில் கிருமிகள் கூடுகட்டும். முற்காலத்தில் லென்ஸையும் சூடாக்கியே கிருமி நீக்கினார்கள்; ஆனால் அந்தச் சூட்டில் புரதம் லென்ஸோடு இறுகிப்போயிற்று. இன்று அதற்கென்றே உள்ள கரைசலைக் கொண்டு, கையால் தேய்த்துக் கழுவுவதே வழி.

உள்ளங்கையில் லென்ஸை வைத்து, கரைசல் சில துளி விட்டு, ஒரு விரலால் முன்னும் பின்னுமாக மெதுவாகத் தேய்க்க வேண்டும். புறத்துக்குச் சில விநாடி, உட்புறத்துக்குச் சில விநாடி. வட்டமாகத் தேய்த்தால் லென்ஸ் முறுக்கிக் கிழியக்கூடும். பின்பு கரைசலாலேயே அலசி, டப்பாவில் புதிய கரைசல் நிரப்பி வைக்க வேண்டும். ‘தேய்க்க வேண்டாம்’ என்று புட்டியில் எழுதியிருந்தாலும் தேய்ப்பதே பாதுகாப்பு என்கிறார்கள் எங்கள் மருத்துவர்கள்.

நேற்றைய கரைசலைக் கொட்டிவிட வேண்டும். பாதி இருக்கிறதே என்று அதன்மேல் புதிதாக ஊற்றுவது, நேற்றுக் கழுவிய பாத்திரத் தண்ணீரில் இன்று சமைப்பதற்குச் சமம். 2006-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் லென்ஸ் அணிந்தவர்களுக்குப் பூஞ்சைப் புண் திடீரெனப் பெருகியது. அமெரிக்காவில் மட்டும் 164 பேருக்கு உறுதியானது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கருவிழி மாற்று அறுவை தேவைப்பட்டது. ஒரு குறிப்பிட்ட கரைசலோடு அது சம்பந்தப்பட்டிருந்ததால், அந்தக் கரைசல் அதே ஆண்டு உலகமெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பழைய கரைசலின்மேல் புதியதை ஊற்றும் பழக்கமும் அந்த நோய்க்குத் துணைபோனதாக ஆய்வில் தெரிந்தது.

ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கரைசல் ஒன்றும் உண்டு. அதற்கென உள்ள டப்பாவில், புட்டியில் குறித்துள்ள முழு நேரமும் வைத்தால்தான் அது சாதுவாகும். அதை நேராகக் கண்ணில் விட்டால் கடுமையாக எரிக்கும். ஆகையால் எந்தக் கரைசல் என்று படித்துப் பார்க்காமல் புட்டியை மாற்றக்கூடாது.

தண்ணீர் ஆகாது

இதைப் பலர் நம்புவதில்லை. ‘குடிக்கிற தண்ணீர்தானே?’ என்கிறார்கள். குடித்தால் வயிற்றின் அமிலம் பார்த்துக்கொள்ளும். கண்ணில் அது இல்லை. மேல்நிலைத் தொட்டியிலும் கிணற்றிலும் குளத்திலும் மண்ணிலும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் வாழ்கிறது. அது கருவிழியில் புகுந்தால் தாங்க முடியாத வலி. மருந்து மாதக்கணக்கில் நீடிக்கும். 1980-களின் நடுவில் அமெரிக்காவில் இந்நோய் அதிகமானபோது, விசாரித்ததில் பலர் உப்பு மாத்திரையை வடித்த நீரில் கரைத்து வீட்டிலேயே கரைசல் தயாரித்திருந்தது தெரியவந்தது. பார்வைக்குத் தெளிந்த நீரே அது.

மேலும், உப்பில்லாத தண்ணீரில் லென்ஸ் ஊதிக் கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே குழாய்த் தண்ணீர், கேன் தண்ணீர், கொதித்து ஆறிய தண்ணீர், எச்சில் ஆகிய எதுவும் ஆகாது. குளிக்குமுன், கிணற்றில் நீந்துமுன் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். டப்பாவையும் கரைசலால் கழுவி, சுத்தமான துணியில் துடைத்து, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். குளியலறையில் வைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது டப்பாவை மாற்றுங்கள். புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி வையுங்கள். திறந்தபின் எத்தனை நாள் என்று அதிலேயே போட்டிருக்கும்.

வீட்டிலும் தொழிலிலும்

சாயம் காய்ச்சும் கொட்டகையில் ஆவியும் அமிலநெடியும் உண்டு. மெல்லிய லென்ஸ் பஞ்சைப்போல் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அங்கே லென்ஸ் வேண்டாம், கண்ணாடியே போதும். கண்மை தீட்டுகிறவர்கள் முதலில் லென்ஸ் போட்டு, பிறகு மை இடட்டும். இரவில் முதலில் லென்ஸைக் கழற்றி, பிறகு மையைத் துடைக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையும் அப்படியே. ஒருவருடைய லென்ஸை மற்றொருவர் போட்டுப் பார்க்கவே கூடாது. திருமணத்துக்காக நிற லென்ஸ் வாங்குகிற பெண்களும் மருத்துவரிடம் அளவு பார்த்தே வாங்க வேண்டும்.

மாத லென்ஸுக்குக் கணக்கு, பொட்டலம் திறந்த நாளிலிருந்து. போட்ட நாட்களை மட்டும் எண்ணக்கூடாது. ஒருநாள் லென்ஸ் ஒரே நாளுக்குத்தான். அதைக் கழுவி மறுநாள் வைத்தல் கூடாது. லென்ஸ் அணிகிற ஒவ்வொருவரிடமும் சரியான பவருள்ள கண்ணாடி ஒன்றும் இருக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் இருந்த பழைய கண்ணாடி பவர் மாறி உதவாமல் போயிருந்தது. கண்ணாடி சரியாக இருந்திருந்தால் கிழிந்த லென்ஸை அவள் போட்டிருக்கமாட்டாள்.

உடனே கழற்ற வேண்டிய அடையாளங்கள்

கண் சிவத்தல், வலி, வெளிச்சம் பட்டால் கூசுதல், நீர் வடிதல், பார்வை மங்குதல், மண் விழுந்ததுபோன்ற உறுத்தல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் லென்ஸைக் கழற்றுங்கள். கழற்றியபின்னும் நீங்காவிட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸையும் டப்பாவையும் எறியாமல் கொண்டுபோங்கள். அவற்றிலேயே கிருமி அகப்படலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் போன்ற எதையும் கண்ணில் விடாதீர்கள். கடையில் தாமாகக் கொடுக்கும் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அவற்றுள் ஸ்டீராய்டு கலந்தவை சிவப்பை மட்டும் அடக்கி, உள்ளே பூஞ்சையைத் தழைக்கச் செய்யும்.

நண்பர்களே, ‘ஒரு லென்ஸுக்கு உதவினால் போதாதா, மாதந்தோறும் கரைசலுக்கும் ஏன் செலவு?’ என்று உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. கரைசல் தீர்ந்த அந்த இரண்டு நாட்களில்தான் குடத்துத் தண்ணீர் வந்தது என்பதே எங்கள் பதில். லென்ஸ் கொடுக்கிறவர்கள் கரைசலையும் கண்ணாடியையும் கற்றுக்கொடுத்தலையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். இப்போது எங்கள் கண் பிரிவில், ஒருவர் தாமாக மூன்று முறை போட்டுக் கழற்றிக் காட்டாமல் லென்ஸோடு வீட்டுக்கு அனுப்புவதில்லை.

அந்தப் பெண் இப்போது கண்ணாடி அணிந்தே நெய்கிறாள். நழுவாதிருக்கப் பின்னால் நாடா கட்டியிருக்கிறாள். ஒரு கண்ணில் மெல்லிய மங்கல் இருக்கிறது. தன் தெருவில் லென்ஸ் வாங்கின இரண்டு பெண்களின் வீட்டுக்கு அவளே போய், நகத்தை வெட்டச் சொல்லிவிட்டு வந்தாளாம்.